அப்பா வண்டியின் சத்தம் எந்த வண்டியில் வரும்?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கும் பள்ளி ஆசிரியர் நான். வயது 44, உயரம் ஐந்தடி நாலங்குலம். அப்பா 1986 மாடல் புல்லட் வைத்திருந்தார். 2004-ல் பணமுடை வந்தபோது விற்றுவிட்டோம். அன்றிலிருந்து அந்த மாதிரி ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று ஆசை. பள்ளி 18 கிலோமீட்டர், அதில் பாதி வாய்க்கால் கரைச் சாலை. இப்போது 110 சிசி வண்டியில் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கோயில், உறவுக்காரர் வீடு. ஆன்-ரோடு இரண்டரை லட்சம் வரை முடியும். கிளாசிக் 350, ஹோண்டா ஹைனெஸ், ஜாவா 350, ட்ரையம்ப் ஸ்பீடு 400 என்று நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். என்ஃபீல்டு சர்வீஸ் உள்ளூரிலேயே இருக்கிறது, மற்றவற்றுக்கு வெளியூர் போக வேண்டும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? எதில் அப்பா வண்டியின் சத்தம் வரும்? ராத்திரியில் வண்டியைப் படியேற்றி நடைக்குள் நிறுத்துவது வழக்கம். இன்னொன்று, அப்பா வண்டியில் பேட்டரிக் கரண்டைக் காட்டும் ஆம்மீட்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டுதான் விற்றோம். அதைப் புது வண்டியில் பொருத்த முடியுமா?

பதில்:

சார், கேள்வியோடு நான்கு வண்டிகளின் குதிரைத்திறன், மைலேஜ், விலை எல்லாவற்றையும் கட்டம் போட்டு அட்டவணையாக அனுப்பியிருந்தீர்கள். படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் முடிவை மாற்றக்கூடிய விஷயம் அதில் இல்லை. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ராத்திரி வண்டியைப் படியேற்றி நடைக்குள் நிறுத்துவதாக, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளை எனக்குத் தெரியும். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி, ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சிமென்ட் சரிவு, அதைத் தாண்டினால் நிலைப்படி. இப்போது வைத்திருக்கும் 110 சிசி வண்டியை ஒரு கையில் டிபன் பையோடு ஏற்றியிருப்பீர்கள். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. பெட்ரோல் பங்கிலோ பள்ளிக்கூட வாசலிலோ அந்த எடை தெரியவே தெரியாது. வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் 195 கிலோவும் ஒன்றுதான், 110 கிலோவும் ஒன்றுதான். நிற்கும்போதும், இன்ச் இன்ச்சாகத் தள்ளும்போதும்தான் அது தன் சொரூபத்தைக் காட்டும்.

என் பட்டறைக்கு ஒருவர் வருவார். அரசு அலுவலகத்தில் வேலை, உங்கள் உயரம்தான் இருப்பார். ஆசைப்பட்டுப் பெரிய வண்டி வாங்கினார். ஒரு மழை நாளில் வீட்டுச் சரிவில் ஏற்றும்போது பாதியில் கால் வழுக்கி, வண்டி சுவர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு, பிரேக் லீவர் வளைந்து போயிற்று, அவருக்குக் கணுக்காலில் கட்டு. லீவரை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பயத்தை யார் மாற்றிக் கொடுப்பது? அப்புறம் வண்டி தெருவிலேயே நின்றது. 3000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது விற்றுவிட்டார்.

அதனால் ஷோரூமுக்குப் போகிற முன் ஒரு டேப்பை எடுத்து வாசலை அளந்து பாருங்கள். இந்த வகை வண்டிகளின் ஹேண்டில் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், கண்ணாடி தனி. நிலையின் உள் அகலம் மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் தினமும் விரல் முட்டி உரசும். சரிவு செங்குத்தாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டடி நீட்டிப் போடச் சொல்லுங்கள். வண்டிக்கு ஆகிற செலவில் இது ஒன்றுமே இல்லை.

ஏற்றும்போது என்ஜின் ஓடட்டும். இடது பக்கம் நடந்துகொண்டே முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டால் வண்டி தானே ஏறும். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம், ஐடிலிங்கே போதும். காலையில் பின்னோக்கி இறக்குவதுதான் கஷ்டம். பலரும் முன் பிரேக்கைப் பிடித்தபடி இறக்குவார்கள். சரிவில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும், அப்போது முன் சக்கரம் பிடி கிடைக்காமல் வழுக்கும். என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்குங்கள். கிளட்சை விட்டால் பின் சக்கரம் நின்றுவிடும், பிடித்தால் உருளும். நின்றுகொண்டு இறக்கும்போது பின் பிரேக்குக்கு உங்கள் கால் எட்டாது. கிளட்சே பின் பிரேக். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நானும் ஒருமுறை வண்டியைச் சாய்த்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு ஒரு புல்லட் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவன் நான். உங்கள் அப்பா ஓட்டிய வகை வண்டியில்தான் தொழில் படித்தேன். வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. உள்ளே கனமான ஃப்ளைவீல். பிஸ்டன் நெடுந்தூரம் போய் வருவதால் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், நான்கே கியர். சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷரை இழுத்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, அப்புறம் ஒரே மிதி. உங்கள் அப்பா இதைச் செய்வதை டேங்க் மேல் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சத்தம் புது வண்டி எதிலும் வராது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021-இல் வந்த கிளாசிக்கில் இருப்பது முற்றிலும் புது என்ஜின், 349 சிசி. அதிர்வை அடக்குவதற்கென்றே உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுற்றுகிறது. கிக்கர் கிடையாது. கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சைலன்சரில் கேட்பது அடக்கமான ஒரு ‘டுப் டுப்’. நல்ல சத்தம்தான், ஆனால் வேறு சத்தம். சைலன்சரை மாற்றினால் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம்தான் கூடும், தாளம் மாறாது. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், வாரண்டியிலும் சிக்கல். பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் வண்டி அப்படி முழங்கினால் நன்றாகவும் இருக்காது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? இன்று இந்த வகையில் உங்கள் அப்பா வண்டியின் அளவுக்கு மிக நெருக்கமான சிலிண்டர் என்ஃபீல்டில் இல்லை, ஹோண்டாவில் இருக்கிறது. ஹைனெஸ்ஸின் அளவு 70-க்கு 90.5. புது கிளாசிக் 72-க்கு 85.8. அதனால்தானோ என்னவோ, ஹைனெஸ் ஐந்தாவது கியரில் நாற்பதில் போகும்போது தலைக்கவசத்துக்குள் கேட்கிற அந்த முனகல் எனக்கே சில நேரம் பழைய ஞாபகத்தைக் கிளப்பும். நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது, சுமார் 30 நியூட்டன் மீட்டர். எடை 181 கிலோ, சீட் உயரம் 800 மில்லிமீட்டர், 15 லிட்டர் டேங்க், அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். காகிதத்தில் பார்த்தால் உங்கள் நான்கில் இதுதான் முதல் ரேங்க். ஒரே குறை, எல்லா ஹோண்டா ஷோரூமிலும் இதை விற்பதில்லை. பிக்விங் என்று தனிக் கடை. உங்களுக்கு அது வெளியூர் என்றால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் லீவு போட வேண்டும். ஆசிரியருக்கு லீவு எவ்வளவு அருமை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸ்பீடு 400 அருமையான வண்டி. 398 சிசி, 40 குதிரைத்திறன், ஆறு கியர், 176 கிலோ. உங்கள் பட்டியலில் வேகமானது, இறுக்கமானது, எடையும் குறைந்தது. ஆனால் அந்த 40 குதிரைகளும் 8000 சுற்றில்தான் முழுதாக வெளியே வரும். அந்தப் பேச்சுக்கும் உங்கள் ஆசைக்கும் சம்பந்தமில்லை. பழைய மாதிரி சட்டை போட்ட புது வண்டி அது. இருபத்தைந்து வயதுப் பையன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். 350 சிசிக்கு மேல் போவதில் வேறு சங்கடமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸும், 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, 350 வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. கிளாசிக்கும் புல்லட்டும் 349-ல் நின்றுகொண்டு இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்துவிடுகின்றன.

ஜாவா பார்வைக்கு அழகு, சந்தேகமே இல்லை. மைசூரில் தயாரான பழைய ஜாவாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இரட்டை சைலன்சர் போதும். ஆனால் அது டூ-ஸ்ட்ரோக், இது லிக்விட் கூலிங் உள்ள 334 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக். உங்கள் ஞாபகம் புல்லட், ஜாவா இல்லை. சர்வீஸும் வெளியூர் என்கிறீர்கள். விடுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன்: புல்லட் 350. 2023 செப்டம்பரில் அதற்கும் கிளாசிக்கின் அதே புது என்ஜின் வந்துவிட்டது. அதே 20 குதிரைத்திறன், அதே 195 கிலோ, அதே சீட் உயரம் 805. அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சீட்.

கிளாசிக்கில் முன் சீட் தனி, பின் சீட் தனி. ஓட்டுகிறவருக்கு அது சொகுசு. பின்னால் உட்காருகிறவர் புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற இறக்கமும் விளிம்பும் தொடையில் வந்து இடிக்கும். அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். புல்லட்டில் ஒரே நீளச் சீட், அப்பா காலத்து மாதிரியே. நகர்ந்து உட்கார இடம் உண்டு. ஹைனெஸ்ஸிலும் ஒரே நீளச் சீட்தான். உங்கள் மனைவி எப்படி உட்காருவார் என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் ஒருபக்கமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் நான் சொல்லி என் வீட்டிலேயே நடந்ததில்லை. குறைந்தபட்சம் சாரி கார்டைக் கழற்றாதீர்கள். வண்டி அழகைக் கெடுக்கிறது என்று வாங்கின வாரமே கழற்றிப் பரணில் போடுகிறார்கள். பின் சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. முந்தானை சக்கரத்தில் சுற்றி வந்த வண்டியை ஒரே ஒருமுறைதான் என் கையால் பிரித்திருக்கிறேன். அந்தத் துணியை நான் இன்னும் மறக்கவில்லை.

புல்லட்டில் எனக்கு உறுத்தும் விஷயமும் உண்டு. ஸ்போக் சக்கரம், டியூப் டயர். வாய்க்கால் கரை என்றால் கருவேல முள் இல்லாமலா? டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று மெல்ல இறங்கும், பள்ளிக்கூடம் வரை போய்விடலாம். டியூப்பில் புஸ்ஸென்று போய்விடும். பின் சக்கரத்தைக் கழற்றினால்தான் பஞ்சர் ஒட்ட முடியும். சென்டர் ஸ்டாண்டு இருப்பதால் பிழைத்தோம். பழகிய பஞ்சர் கடைக்காரர் ஒருவரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கடியில் ஒரு ஸ்பேர் டியூப்பும் இருக்கட்டும். முள் பயம் ரொம்ப இருக்கிறது என்றால் கிளாசிக்கில் அலாய் சக்கரத்தோடு டியூப்லெஸ் வரும் மாடல் உண்டு. ஆனால் சீட் பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

ஆகவே என் பதில் இது. ஹோண்டாவின் சர்வீஸ் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் ஹைனெஸ். இல்லாவிட்டால் புல்லட் 350. என் மச்சான் கும்பகோணத்தில் இருந்து கேட்டிருந்தால், இழுத்தடிக்காமல் புல்லட் என்றே சொல்லியிருப்பேன். சர்வீஸ் உள்ளூரில், பாகங்கள் உள்ளூரில், அவசரத்துக்குக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் நாலு தெருவில் ஒருவர். சரிவில் ஏற்ற முடியவில்லை என்று தெரிந்தால் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு டிவிஎஸ் ரோனினைப் பாருங்கள். 226 சிசி, 160 கிலோ. முகம் பழைய காலத்து முகம் இல்லை, ஆனால் இடுப்பு பிழைக்கும்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டையே தேடி வாங்கலாமா என்று மனதில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட என்றால் நானே பார்த்துத் தருகிறேன். தினமும் 36 கிலோமீட்டர், காலை பெல்லுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்றால் வேண்டாம். ஸ்பார்க் வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டு வரப்பில் நிற்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

பணக் கணக்கு. எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 12 சதவீதம். வண்டி 1,80,000 என்றால் வரி மட்டும் 21,600. அதோடு இன்சூரன்ஸ், பதிவுச் செலவு. உங்கள் இரண்டரை லட்சத்துக்குள் புல்லட்டும் ஹைனெஸ்ஸும் அடங்கிவிடும். இரண்டு ஹெல்மெட்டுக்கும் மிச்சம் இருக்கும். பில்லில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று வாத்தியார் குரலில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியையும் அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது மனைவியைக் கூட்டிப் போங்கள், புடவையிலேயே. நான் ஒருமுறை ஒரு ஷோரூமில் கேட்டபோது, முன்பே சூடாக்கி வைத்திருந்த வண்டியைக் கொடுத்து, அடுத்த பங்க் வரை போய்த் திரும்பச் சொன்னார்கள். அதில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரமாவது கேளுங்கள், தரமாட்டோம் என்றால் வேறு நாள் வருகிறோம் என்று எழுந்துவிடுங்கள். நெரிசலில் ஒரு சுற்று, குழியுள்ள தெருவில் இருவரோடு ஒரு சுற்று. ஒரு தெருவில் என்ஜினை அணைத்துவிட்டு யு-டர்ன் அடித்துத் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு இறக்குங்கள், மூன்று முறை. கையால் தூக்காதீர்கள், ஸ்டாண்டின் நாக்கில் உடம்பு எடையை ஏற்றி மிதித்தால் வண்டி தானே பின்னால் ஏறும். மூன்றாவது முறையும் சிரித்துக்கொண்டு செய்தீர்கள் என்றால் அது உங்கள் வண்டி.

உங்கள் உயரத்துக்கு 805 சீட்டில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியாது. முன்பாதம் ஊன்றும், அது போதும். இடது காலை ஊன்றி நிறுத்தப் பழகிக்கொண்டால் வலது கால் பிரேக்கிலேயே இருக்கும். சீட்டைச் செதுக்கி உயரம் குறைக்கலாம் என்பார்கள். ஆறு மாதம் ஓட்டிவிட்டு யோசியுங்கள், தேவைப்படாது.

கடைசியாக ஆம்மீட்டர். பழைய வண்டியில் பேட்டரிக்குப் போகிற கரண்ட் அந்த மீட்டர் வழியாகவே ஓடும், அதனால்தான் முள் அசைந்தது. புது வண்டியின் வயரிங் வேறு. அதைப் புகுத்த வேண்டும் என்றால் ஹார்னஸை, அதாவது மொத்த வயர்க் கட்டை, வெட்ட வேண்டும். இன்ஜெக்ஷன், ஏபிஎஸ் எல்லாம் அதே ஹார்னஸில்தான் இருக்கின்றன, வாரண்டியும் போகும். யார் செய்து தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். ஹெட்லைட் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு குட்டிப் பைலட் விளக்குகள் புதுப் புல்லட்டிலும் இருக்கின்றன. அந்த அளவில் திருப்திப்பட வேண்டியதுதான்.

ஆனால் மீட்டரைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். திருச்சி பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முள் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுவித்துத் தருகிறேன். பேட்டரியும் ஒரு சின்ன பல்பும் போதும், இன்னும் அசையும்.